உளுந்தடிக்கு நடுவே வந்த அலை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒன்றரை ஆண்டு காலம் நான் ஒரு பாறையோடு மல்லுக்கட்டினேன். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பேருந்தில் பாதி வழியில் இறங்கி, ஓடைக்கரையோடு இருபது நிமிடம் நடந்தால் அந்தப் பாறை வரும். மலையெல்லாம் இல்லை. கரிசல் காட்டின் நடுவில், நான்கு வீட்டு முற்றங்களைச் சேர்த்துப் போட்டதுபோல, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் மொட்டைப் பாறை. அதன் மேல் ஒரு கருவியை வைத்து, வங்கக் கடலுக்கு அப்பால் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு தட்டை ஆராயப் போகிறேன் என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? என் அம்மாவே நம்பவில்லை.

விஷயம் இதுதான். நாம் நிற்கிற நிலம் ஒரு பெரிய பாறைத் தட்டின் மேல் இருக்கிறது. அந்தத் தட்டு கிழக்கே கடலுக்கு அடியில் நீண்டு போய், அந்தமானையும் சுமத்திராவையும் ஒட்டி, இன்னொரு தட்டுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது. இறங்கும் தட்டு குளிர்ந்தது, இறுகியது. அதைச் சுற்றியிருக்கும் பாறையோ வெந்து கிடக்கிறது. நிலநடுக்கத்தின் அலை குளிர்ந்த பாறையில் வேகமாக ஓடும், சூடான பாறையில் மெதுவாக ஓடும். ஆகவே அந்தமானுக்குக் கீழே, நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், அந்தத் தட்டுக்குள்ளேயே ஒரு நடுக்கம் நடந்தால், அதன் அலை தட்டின் வழியாகவே மேலேறி நம் பக்கம் வரும். உலகம் முழுவதற்கும் பொதுவாகப் போட்டு வைத்திருக்கும் அட்டவணை சொல்லும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே அது வந்து சேர வேண்டும். எவ்வளவு முன்பாக என்று அளந்தால், யாரும் கண்ணால் பார்க்கவே முடியாத அந்தத் தட்டு எவ்வளவு தடிமன், எவ்வளவு ஆழம் வரை முறியாமல் இறங்கியிருக்கிறது என்று கணக்குப் போடலாம். எல்லாம் ஒன்றரை விநாடி, இரண்டு விநாடி விவகாரம்.

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தேன். என் நெறியாளர் கெட்டிக்காரர், கண்டிப்பானவர், மேசையை விட்டு எழுந்திருக்கப் பிரியப்படாதவர். தென்கோடியில் ஒரு தற்காலிகப் பதிவு நிலையம் வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. மற்ற நிலையங்களுக்குப் போன மாணவர்களுக்கு ஜீப் கிடைத்தது. என்னிடம், "உங்களுக்குத்தான் அங்கேயே வீடு இருக்கிறதே" என்று சொல்லி இரண்டு மரப்பெட்டிகளோடு ரயிலேற்றிவிட்டார்.

நிலையம் அமைய வேண்டிய இடத்தையும் அவரே வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தால் அது சுத்தமான கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். நிலநடுக்கக் கருவி என்பது அடிப்படையில் ஒரு சுருள்வில்லில் தொங்கும் எடைதான். நிலம் அசையும்போது எடை அசையாமல் நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தை ஒரு கம்பி வழியாக அனுப்பினால், சுழலும் உருளையில் சுற்றியிருக்கும் காகிதத்தில் ஒரு முள் அதைக் கோடாகக் கீறும். எடை எதிலும் உரசாமல் தொங்க வேண்டும். மட்டம் இம்மி பிசகினாலும் கதை முடிந்தது.

புரட்டாசியில் குழி தோண்டி, சிமெண்ட் மேடை கட்டி, கருவியை வைத்தேன். ஐப்பசி மழையில் மண் ஊதி, மேடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. எடை சட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ள, பத்து நாட்களாகக் காகிதத்தில் வெறும் நேர்கோடு. சரிசெய்தேன். கார்த்திகை மழையில் மறுபக்கம் தூக்கியது. மறுபடியும் சரிசெய்தேன். மார்கழி முடிந்து மண் காய ஆரம்பித்ததும், மேடைக்கு அடியிலேயே விரிசல் ஓடி, மேடை ஆடும் பல்லாகிவிட்டது. நான்கு மாதத்தில் ஒரு நடுக்கம் கூட உருப்படியாகப் பதிவாகவில்லை. இது கரிசல் மண், இங்கே எதையும் மட்டமாக வைக்க முடியாது என்று நெறியாளருக்கு விவரமாக எழுதினேன். பதில் இரண்டு வரி. "கருவியை மட்டம் பார்க்க முறையாகக் கற்றுக்கொள்ளவும். இடத்தை மாற்ற வேண்டாம்."

அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இடத்தை மாற்றினேன்.

பாறை தேடி அலைந்த மூன்றாம் நாள்தான் அந்த மொட்டைப் பாறையைக் கண்டேன். தை மாதம். பாறை முழுக்க உளுந்துச் செடி காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக ஏறி, குனிந்து, கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஏ டீச்சரு, செருப்பக் கழத்திட்டு ஏறுங்க. இது களம்லா."

நாற்பது வயது இருக்கும் ஒரு அக்கா, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கம்போடு நின்றிருந்தாள். கண்ணாடியும் கைப்பையுமாக யார் வந்தாலும் அவளுக்கு டீச்சர்தான். கடைசி வரை நான் அவளுக்கு டீச்சராகவே இருந்தேன். ஆடு வளர்க்கும் குடும்பம். அவளுடைய வீட்டுக்காரர் ஆண்டில் பாதி நாள், வயல்களில் எருவுக்காகச் செம்மறிக் கிடை போட ஊர் ஊராகப் போய்விடுவார். அவள் வெள்ளாடுகளையும், ஏறத்தாழ இரண்டு ஏக்கர் வரும் இரண்டு குறுக்கம் காட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பக்கத்துக் காட்டில் இருந்த அவள் ஓரகத்திக்கும் அந்தப் பாறைதான் கதிரடிக்கும் களம்.

வந்த காரியத்தைச் சொன்னேன்.

"பூமி நடுங்குதத எழுதுத மிஷினா? இங்கன எப்ப நடுங்கிச்சு?"

"இங்கன இல்லக்கா. அந்தமான் பக்கம்."

"அந்தமான்ல நடுங்குததுக்கு அந்தமான்லல்லா வைக்கணும்? எங்க களத்துல எதுக்கு?"

உட்கார்ந்து விளக்கினேன். நாம் இருக்கும் தட்டு கிழக்கே போய் இன்னொன்றுக்குக் கீழே நுழைவதை இரண்டு சாக்குகளை வைத்துக் காட்டினேன். அவள் சாக்குகளைப் பார்க்கவில்லை. உளுந்தைப் பார்த்தாள்.

"அப்பம் இந்தக் காடும் உள்ள போயிருமா?"

"போகும்க்கா. ஆனா நம்ம நகம் வளருத வேகத்துலதான் நகருது."

"அதுக்குள்ள நான் உளுந்தடிச்சு அள்ளிருவேன்" என்று எழுந்துகொண்டாள். சிரிக்கக் கூட இல்லை.

நான்கு நாட்கள் நடையாய் நடந்த பிறகு ஒத்துக்கொண்டாள். பாறையின் மேற்கு மூலை எனக்கு. மற்றதெல்லாம் களம். அவள் அடிக்கும்போது நான் எதுவும் சொல்லக் கூடாது. பக்கத்தில், கல் உடைத்தவர்கள் கட்டி, பின்னால் கைவிட்டுப் போன ஒரு சின்னக் கல் அறை இருந்தது. பதிவு உருளையும் கடிகாரமும் பேட்டரியும் அங்கே. பாறை மூலையில் சிமெண்ட் மேடை கட்டி வைத்த கருவிக்கும் அறைக்கும் நடுவில் நாற்பது அடிக் கம்பி.

முதல் வாரமே ஆடுகள் கம்பியின் மேல் உறையைத் தின்றுவிட்டன. மண்ணுக்குள் புதைக்கலாம் என்றால் அது பாறை. கம்பியை வேப்பெண்ணெயில் தோய்த்துப் போட்டேன். ஆடு தொடவில்லை, அணில் தின்றது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபுகளைப் பிளந்து கம்பிக்குச் சட்டை போட்டேன்.

தினமும் காலையில் போக வேண்டும். வழவழப்பான காகிதத்தை உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய்த் திரியைக் கீழே பிடித்துக் கரிப்புகை ஏற்ற வேண்டும். அந்தக் கரியில்தான் முள் வெள்ளைக் கோடாகக் கீறிக்கொண்டு போகும். முந்தின நாள் காகிதத்தைக் கழற்றி, அரக்குக் கரைசலில் முக்கி, கொடியில் காயப் போட வேண்டும். இல்லையென்றால் விரல் பட்ட இடமெல்லாம் அழிந்துவிடும். திரும்பும்போது மூக்கு நுனி வரை கரி. "கரிக்கடையிலயாம்மா வேல பாக்குதீங்க?" என்று கேட்ட நடத்துநரிடம், ஒரு நாள் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். இரண்டு விநாடியைப் பிடிக்கப் போகிறவள் கடிகாரத்தை நம்ப முடியாது. டெல்லியிலிருந்து சிற்றலையில் விநாடிக்கு விநாடி ஒரு 'டிக்' ஒலிபரப்பாகும். ரேடியோவைத் திருகி, அந்தச் சத்தத்தைப் பிடித்து, என் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று தினமும் நோட்டில் குறிக்க வேண்டும். குறித்தால்தான் அன்றையக் காகிதத்துக்கு மதிப்பு.

காகிதத்தில் ஒரு நெளிவைப் பார்த்தால், அது எங்கே நடந்த நடுக்கம் என்று எனக்கு உடனே தெரியாது. உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து, இன்ன இடம், இன்ன ஆழம், இன்ன நேரம் என்று வெளிநாட்டில் கணக்குப் போட்டு அச்சடித்த பட்டியல் வரவேண்டும். அது கப்பலில் வந்து, நெறியாளர் மேசையில் உறங்கி, என் கைக்கு வர ஆறு மாதம் ஆகும். இன்று நெளிவு. ஆறு மாதம் கழித்துத்தான் அது அந்தமானா, அசாமா, அடுத்த ஊர்க் கல்குவாரி வெடியா என்று தெரியும்.

இப்படியே ஒரு வருடம் ஓடி, அடுத்த தை வந்தது. அந்தச் சனிக்கிழமையும் வந்தது.

முந்தின நாள் அம்மா சொன்னாள்: "ஏட்டி, நாளைக்கு ஒரு நாளு அந்தக் கல்லுக்குப் போவாண்டாம். அவிய பதினோரு மணிக்கு வாராவ." தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். காகிதம் மாற்றாமல் இருக்க முடியாது என்றேன். அம்மா அழுதாள். விடிந்ததும் முதல் பேருந்தில் ஓடினேன். பாறையில் அக்காவும் ஓரகத்தியும் உளுந்தைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை மாற்றினேன். ரேடியோவைத் திருகினால் ஒரே இரைச்சல். 'டிக்' கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை உட்கார்ந்தால் திரும்பும் பேருந்து போய்விடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கரி போகக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகக்கண்ணில் கரி இருந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படிக் காட்டுக்குப் போவீயளோ?"

"படிப்பு முடியித வரைக்கும் போவேன்" என்றேன்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். காபி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். போனவர்களிடமிருந்து பிறகு தகவலே இல்லை.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் ஆராதனை முடிந்த கையோடு பாறைக்குப் போனேன். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அறையைத் திறந்து ரேடியோவைத் திருகினேன். 'டிக்' சுத்தமாகக் கேட்டது. கடிகாரம் அதோடு பொருந்தவில்லை. என்ன எழவு, இதுவும் சேர்ந்துகொண்டதா என்று பொருமிக்கொண்டே, கடிகாரத்தின் குமிழைத் திருப்பி, 'டிக்'கோடு சேர்த்து வைத்துவிட்டேன். எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று நோட்டில் எழுதவில்லை. முந்தியிருந்ததா, பிந்தியிருந்ததா என்று கூட எழுதவில்லை. இந்தத் தொழிலில் செய்யவே கூடாத ஒரு காரியம் உண்டென்றால் அது அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் செய்யாது. அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. காகிதத்தை அரக்கில் முக்கித் தொங்கப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆடி மாதம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், பட்டியல் வந்தது. உட்கார்ந்து என் காகிதங்களோடு ஒப்பிட்டேன். அந்தமான் பக்கம் ஆழமில்லாமல், தட்டு இறங்கத் தொடங்கும் இடத்துக்கு இப்பால் நடந்த நடுக்கங்கள் சில இருந்தன. அவை அட்டவணை சொன்ன நேரத்துக்கு ஒழுங்காக வந்திருந்தன. தட்டுக்குள்ளே, ஆழத்தில் நடந்தது என்று எனக்குத் தெளிவாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அந்தச் சனிக்கிழமை.

கணக்குப் போட்டேன். அலை ஏறத்தாழ இரண்டு விநாடி முன்னதாக வந்திருந்தது. நான்கு முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே விடை. எங்களுக்குக் கீழே இருக்கும் தட்டு அங்கே முறியாமல் உள்ளே இறங்கியிருக்கிறது, அதன் முதுகில் ஏறி ஓர் அலை என் கரிக்காகிதத்துக்கு ஓடி வந்திருக்கிறது! அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவைப் போய்க் கட்டிக்கொண்டேன். அவள் பயந்துபோனாள். பிறகு நோட்டைத் திறந்தேன். சனிக்கிழமை: ரேடியோ கிடைக்கவில்லை. ஞாயிறு: கடிகாரம் சரிசெய்யப்பட்டது. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

இருந்தாலும் நெறியாளருக்கு அனுப்பினேன். நோட்டின் நகலையும் மறைக்காமல் வைத்தேன். பத்து நாளில் பதில் வந்தது. "கடிகாரம் இரண்டு விநாடி பிந்தியிருக்கிறது. அவ்வளவே. இதில் தட்டு எங்கே வந்தது?"

எனக்குத் தூக்கம் போயிற்று. கடிகாரம் அப்படி ஒரே நாளில் இரண்டு விநாடி ஓடியதே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, எழுதி வைக்கவில்லையே. பட்டியலை மறுபடியும் வரி வரியாகப் பார்த்தேன். அதே சனிக்கிழமை மதியம், ஈரான் பக்கம், மேலாக ஒரு நடுக்கம் நடந்திருந்தது. அதன் அலைக்கும் நமக்குக் கிழக்கே இறங்கும் தட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது அட்டவணை நேரத்துக்கே வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் என் கடிகாரம் அன்று சரி. அதுவும் இரண்டு விநாடி முன்னதாக வந்திருந்தால் நெறியாளர் சரி. இரண்டும் ஒரே காகிதம், ஒரே கடிகாரம். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

காகிதத்தை விரித்தேன். மதியம் பன்னிரண்டு மணிக் கோடு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, முள்முள்ளாக ஒரே கீறல். உளுந்தடி. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி அடித்த அடி. ஈரான் அலை அதற்குள் எங்கேயோ ஒளிந்திருந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அப்படியே பாறைக்குப் போனேன். யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம். அக்காவிடம் காட்டினேன்.

"பாத்தீங்களாக்கா? இது பூராவும் நீங்க அடிச்ச அடி."

அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எல்லாமா எழுதிருக்கு? இது நான், இது அவ. அவ கம்பு லேசு, பாரு." விரலால் காட்டினாள். ஒன்றுவிட்டு ஒன்று, ஒரு கீறல் உயரம், ஒரு கீறல் குட்டை. "இந்தா, இங்கன ரெண்டும் இல்லாம ஒண்ணு நீளமா இழுக்கு. இது யாரு?"

நான் அத்தனை முறை பார்த்தும் மொத்தமாகச் சத்தம் என்று ஒதுக்கியதை அவள் தன் அடி, ஓரகத்தி அடி என்று பிரித்துவிட்டாள். அடித்தவளுக்குத் தெரிகிறது. ஆனால் நெறியாளருக்கு எப்படி நிரூபிப்பது? கம்பு அடித்தால் கோடு எப்படி இருக்கும், எத்தனை நேரத்தில் அடங்கும் என்று தனியாக ஒரு பதிவு வேண்டும்.

"அக்கா, இன்னைக்கு ஒருக்க அதே மாதிரி அடிக்கணும். நானும் ஒரு கம்பு எடுக்குதேன்."

"ஆடி மாசத்துல எதை அடிக்க?"

"வெறுங் கல்ல அடிப்போம்."

"வெறுங் கல்லுல அடிச்சா சத்தம் வேற. மிஷினு அதையும் வேறயால்லா எழுதும்?" என்றவள், ஆட்டுக்கு வைத்திருந்த காய்ந்த உளுந்தங்கொடியை இரண்டு கட்டு தூக்கி வந்து, தையில் பரப்பிய அதே இடத்தில் பரப்பினாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

ஆடிக் காற்றில் சக்கை பறந்து கண்ணில் விழ, உளுந்தே இல்லாத உளுந்தை இரண்டு பேரும் அரை மணி நேரம் அடித்தோம். ஓடைப் பக்கமாகப் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "என்ன மதினி, காத்த அடிக்குதீயளோ?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, நீயும் வா" என்றாள் அக்கா. என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. எனக்குத் தாளம் பிடிபடவில்லை. "மெல்ல, மெல்ல, எனக்குப் பொறவு விழணும்" என்று அதட்டிக்கொண்டே அடித்தாள்.

அந்தப் பதிவு அருமையாக வந்தது. கம்படி என்பது ஊசி போல ஒரே கீறல், அரை விநாடியில் அடங்கிவிடும். பழைய காகிதத்தில், அக்கா கேட்ட அந்த 'யாரு', இரண்டு அடிகளுக்கு நடுவில் தொடங்கி, அடங்காமல் நீண்டு, அடுத்த அடிகளையும் தூக்கிக்கொண்டு போனது. பூதக்கண்ணாடியை வைத்து அது தொடங்கிய இடத்தை அளந்தேன். ஈரான் அலை அட்டவணை நேரத்துக்கு வந்திருந்தது. அரை விநாடிக்கு மேல் பிழை இருக்க வழியே இல்லை. என் கடிகாரம் அன்று சரி. தட்டு வழி வந்த அலைதான் முந்தியிருக்கிறது.

எல்லாவற்றையும் வரைந்து, ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் வராமல் இன்னொரு கடிதம். பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு வந்தது: "உளுந்தடிக்கு நடுவே எடுத்த நேரத்தை ஆய்வேட்டில் போட்டால் தேர்வாளர்கள் சிரிப்பார்கள். கடிகாரக் குறிப்பு இல்லாத பதிவு பதிவே அல்ல. திட்டம் முடிந்தது. கருவியைக் கட்டி அனுப்பவும்."

இதில் இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால்தான் அவர் மேல் முழுசாகக் கோபப்பட என்னால் இன்று வரை முடியவில்லை. பாதிக் கோபத்தை எனக்கே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கருவியைப் பெயர்த்தெடுக்கும்போது சிமெண்ட் மேடையை மட்டும் விட்டுவிட்டேன். "அத எடுத்துட்டா பாறை பள்ளமாயிரும், கிடக்கட்டும்" என்றாள் அக்கா.

ஆய்வேட்டில் தட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கல்குவாரி வெடிகளின் பதிவுகளை வைத்து, கரிசலுக்கு அடியில் பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு சின்ன ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கினேன். கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில், என் நகங்களைப் பற்றிக் கேட்காத ஒருவரோடு கல்யாணமும் ஆயிற்று.

எண்பதுகளின் கடைசியில் நெறியாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டுக் கணக்காகப் பேச்சே இல்லாமல் இருந்தவர். வேறு நாடுகளில், நிறைய நிலையங்களை வைத்து, இறங்கும் தட்டுகளின் வழியே அலைகள் முந்தி வருவதை எல்லோரும் காட்டத் தொடங்கியிருக்கிறார்களாம். நம் பக்கத் தரவு ஒன்று இருந்தால் நல்லது, 'உங்களிடம் ஒரு பழைய காகிதம் இருந்ததே' என்று எழுதியிருந்தார்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு காகிதங்களையும் தகரக் குழாயில் சுருட்டி வைத்துக்கொண்டு ரயிலேறினேன். அவர் அறையில், அவர் மேசையில், தைப் பதிவையும் ஆடிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். அவரே அளக்கட்டும் என்று பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அளந்தார். எனக்கு வந்த அதே எண்கள் அவருக்கும் வந்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க அப்பவே இதை அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"மூணு கடிதம் எழுதினேன் சார்."

"கடிதத்துல என்ன தெரியும்? காகிதத்தை நேர்ல பார்த்தாத்தானே?"

பேருந்தில் வந்து பார்த்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. காகிதங்களை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவும் நான் செய்த தப்புதான்.

அடுத்த ஆண்டு கட்டுரை வெளிவந்தது. அவர் பெயரும் வேறு மூன்று பேர் பெயரும். வரைபடத்தில் என் இரண்டு விநாடி ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்தது. அடிக்குறிப்பில், "தென்கோடியில் இயங்கிய ஒரு தற்காலிக நிலையம்" என்று இருந்தது. இயக்கியது யார் என்று இல்லை.

கட்டுரையை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். வெகு நாள் கழித்துப் போகிறேன். அக்கா கொத்தமல்லிச் செடி காயப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சரு, எந்தக் காத்து அடிச்சு இங்கன வாரிய?" என்று எழுந்து வந்தாள். புள்ளியைக் காட்டினேன். நம் கணக்கு சரி என்று ஒத்துக்கொண்டார்கள் என்றேன்.

"சரின்னு சொல்ல இம்புட்டு வருசமா? உங்க பேரு எங்க?"

"இல்லக்கா."

"எம் பேரு?"

"அதுவும் இல்ல."

"பின்ன யாரு அடிச்சான்னு போட்டிருக்கான்?"

"யாரும் அடிச்சதாவே போடலக்கா."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை. "போயி கேக்கணும்லா? சும்மா வந்துட்டீயளே. எழுதிக் கேளுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க" என்றாள். அவள் சொன்ன வேகத்தில் எனக்கும் ரோஷம் வந்தது. அன்று சாயங்காலமே நெறியாளருக்கு எழுதினேன். நிலையத்தை நடத்தியது நான், பதிவைச் சரிபார்க்க உதவியது இன்னார் என்று அக்காவின் பெயரையும் சேர்த்து, அடுத்த கட்டுரையிலாவது குறிப்பிடும்படி கேட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை அவருடைய கையெழுத்தோடு திரும்பி வந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை.